பூத்தும் காய்க்காத மாமரம்: வெப்பமாகும் காலநிலையும் வடக்கின் பழமரங்களும்

2018ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கில் எங்கள் காணி விடுவிக்கப்பட்டபோது, அது எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கே முதலில் பிடிபடவில்லை. வீடு இல்லை. மதில் இல்லை. ஒழுங்கையும் இல்லை. கிணறு மண் மூடிக் கிடந்தது. பற்றைக்குள் அரை மணித்தியாலம் அலைந்த பிறகு ஒரு மாமரத்தின் கீழே நின்று, "இதுதான் எங்கட வளவு" என்றார். அப்பப்பா நட்ட கறுத்தக் கொழும்பான் மரம் அது. 1990 ஆனியில் என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டபோது அந்த மரத்தில் காய் தொங்கியது என்று அம்மா சொல்லுவார். அந்த மரத்தை வைத்துத்தான் படலை எங்கே இருந்தது, குசினி எங்கே இருந்தது, பக்கத்துக் காணி எங்கே தொடங்குகிறது என்று அளந்தோம்.

அந்த வருட மாரியோடு பன்னிரண்டு ஒட்டு மாங்கன்றுகளை நட்டோம். "வீட்டுக்குத் திட்டம் வரும். மரத்துக்கு ஒரு திட்டமும் வராது. அதை நாங்கள்தான் வைக்கவேணும்" என்றார் அப்பா. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கவும் வேலி அடைக்கவும் கன்று வாங்கவும் அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. மரங்கள் காய்க்கத் தொடங்கினால் மீட்டுவிடலாம் என்பதுதான் கணக்கு.

மரங்கள் வளர்ந்தன. கணக்குத்தான் சரிவரவில்லை. போன வருடம் மார்கழியில் பூக்க வேண்டிய கிளைகள் செந்தளிர் விட்டன. பூ மிகக் குறைவு. இந்த வருடம் தை முடிவில் எல்லா மரமும் நிறையப் பூத்தது. மாசியில் மூன்று நாள் மழை பெய்தது. ஒரு கிழமைக்குள் பூங்கொத்துகள் கறுத்துக் கொட்டின. பன்னிரண்டு மரத்திலும் சேர்த்து இரண்டு கடகம் காய்தான் கிடைத்தது. பூவைப் பார்த்து விலை பேசிப்போன வியாபாரி திரும்பி வரவே இல்லை.

"காலம் பிழைச்சுப்போச்சு பிள்ளை" என்றார் அப்பா. அது வெறும் சலிப்பா, உண்மையிலேயே காலம்தான் மாறிவிட்டதா என்று அறிய, ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடமும் அயலில் மரம் வைத்திருப்பவர்களிடமும் போனேன். பழமரங்கள் பற்றிய ஆய்வுகளையும் தேடி வாசித்தேன். மீள்குடியேறிய காணியில் மரம் நட்டிருக்கும், நட இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

மாமரம் எப்படிக் காலம் அறிகிறது?

மாமரத்தின் கிளை நுனியில் உள்ள மொட்டு, இலையாகவும் வரலாம், பூவாகவும் வரலாம். எதுவாக வருவது என்பதை இரண்டு விடயங்கள் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஒன்று, அந்தக் கிளை எவ்வளவு காலம் புதுத் தளிர் விடாமல் ஓய்ந்திருக்கிறது என்பது. இலைகள் முற்றிச் சில மாதங்கள் சும்மா இருந்த கிளைதான் பூக்கும். மற்றையது, அந்த நேரத்தில் கிடைக்கும் குளிர்.

கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் மாமரங்களை வளர்த்துச் செய்த பரிசோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டியுள்ளன. பகலில் 15 பாகை செல்சியஸ், இரவில் 10 பாகை என்று வைத்த மரங்கள் பூத்தன. பகலில் 30, இரவில் 25 என்று வைத்த மரங்கள் இலையே விட்டன. யாழ்ப்பாணத்தில் அந்த அளவு குளிர் ஒருபோதும் வருவதில்லை. இங்குள்ள மரங்கள் மார்கழி, தை மாதங்களின் பனிக்காலத்து இரவுகளையும், மாரி ஓய்ந்த பின் வரும் வறட்சியையும், கிளைகளின் ஓய்வையும் சேர்த்தே காலம் அறிகின்றன. மழை நின்று, இரவு குளிர்ந்து, மண் காயத் தொடங்கும்போது பூ வருகிறது. வைகாசி தொடங்கி ஆடி வரை பழம் வருகிறது.

இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மரம் குழம்பும். மார்கழி இரவுகள் புழுக்கமாக இருந்து, மண்ணிலும் ஈரம் விடாமல் நின்றால், மொட்டு இலையாகவே வெளிவரும். போன வருடம் எங்கள் வளவில் நடந்தது அதுதான். புதிதாக வந்த அந்தத் தளிர் முற்றுவதற்கு மேலும் சில மாதங்கள் வேண்டும். அதற்குள் பூக்கும் பருவம் கடந்துவிடும்.

குளிரை எண்ணும் மரங்கள்

இது எங்களுக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. அப்பிள், செரி, பீச் போன்ற குளிர்நாட்டு மரங்கள் குளிரை இன்னும் கண்டிப்பாகக் கேட்பவை. பூச்சியத்துக்கும் 7 பாகைக்கும் இடைப்பட்ட குளிரில் குறிப்பிட்ட அளவு மணித்தியாலங்கள் கழிந்தால்தான் அவற்றின் மொட்டுகள் உறக்கம் கலையும். பல அப்பிள் இனங்களுக்கு அது 800 முதல் 1,000 மணித்தியாலம் வரை வேண்டும். குளிர்காலம் சூடானால் மொட்டுகள் ஒழுங்கின்றி விரியும்.

பாரிசில் இருக்கும் அக்காவிடம் எங்கள் மாம்பூ கதையைச் சொன்னபோது அவர் 2021ஐ நினைவுபடுத்தினார். அந்த வருடம் பிரான்சில் பங்குனி மாதம் வழமைக்கு மாறாகச் சூடாக இருந்தது. மரங்கள் முந்திக்கொண்டு மொட்டு விரித்தன. ஏப்ரல் முற்பகுதியில் உறைபனி விழுந்தது. முந்திரிகைக் கொடிகளும் அப்ரிகொட் போன்ற பழமரங்களும் பெரும் பரப்பில் கருகின. குளிரைத் தாங்க முடியாத நிலையில் மரத்தை நிறுத்தியது, அதற்கு முன் வந்த வெப்பம். காலநிலை வெப்பமாவதால் பழமரங்களுக்கு வரும் சேதம் பெரும்பாலும் இந்த மாதிரியானது. மரம் வெயிலில் கருகிப்போவதை விட, அதன் பருவமும் வானத்தின் பருவமும் ஒன்றையொன்று தவறவிடுவதால் வரும் இழப்பே அதிகம்.

பூவில் விழும் மழை

தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்திய 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையான பத்து ஆண்டுகளில் பூமியின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 1.1 பாகை கூடியிருந்தது. 2024, பதிவுகள் தொடங்கிய காலத்திலிருந்து மிக வெப்பமான ஆண்டு. காற்று ஒரு பாகை வெப்பமானால் அது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத நாட்களில் மண் வேகமாகக் காய்கிறது.

ஒரு மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில வேளைகளில் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருக்கும். அதில் பழமாவது ஒன்றோ இரண்டோதான். அதுவும் காலநிலை ஒத்துழைத்தால். பூத்திருக்கும் நாட்களில் மழை பெய்தால் மூன்று விதத்தில் கெடுதி வருகிறது. மகரந்தம் நனைந்து கழுவுப்படுகிறது. மாம்பூவில் மகரந்தத்தைக் காவுவதில் ஈக்களுக்குப் பெரிய பங்குண்டு. மழையில் அவை பறப்பதில்லை. மூன்றாவதுதான் மிக மோசமானது. ஈரத்தில் அந்திரக்நோஸ் என்ற பங்கசு நோய் பரவி, பூங்கொத்தைக் கறுக்கச் செய்து உதிர்த்துவிடுகிறது. எங்கள் மரங்களில் மாசி மழைக்குப் பின் கண்டது அந்த நோயைத்தான் என்று படத்தைப் பார்த்ததுமே போதனாசிரியர் சொன்னார்.

பிஞ்சு பிடித்த பிறகும் ஆபத்து முடிவதில்லை. பங்குனி, சித்திரையில் கடும் வெப்பமும் மண்ணில் வறட்சியும் சேர்ந்தால் மரம் தன்னைக் காக்கப் பிஞ்சை உதிர்க்கும். நேரடி வெயில் படும் பக்கத்தில் காயின் தோல் வெந்து தழும்பாகும். அதைச் சந்தையில் கழிவு விலைக்குத்தான் எடுப்பார்கள்.

இரவுச் சூடு

பகல் வெயிலை எல்லோரும் கவனிக்கிறோம். மரத்துக்கு இரவும் முக்கியம். பகலில் இலை ஒளித்தொகுப்புச் செய்து சேர்க்கும் மாச்சத்தில் ஒரு பகுதியை மரம் சுவாசத்துக்குச் செலவழிக்கிறது. இரவு எவ்வளவு சூடோ அவ்வளவு கூடச் செலவாகும். மிச்சம்தான் பூவுக்கும் பழத்துக்கும் போகும். வெப்பத்தில் பழம் விரைவாகவும் பழுக்கும். விரைவாகப் பழுத்தால் பருக்கவும் சுவை சேரவும் அதற்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு.

வளியில் கரியமிலவாயு கூடுவதால் மரங்கள் நன்றாக வளரும் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. நீரும் பசளையும் போதுமாக இருந்தால் இலையும் தண்டும் கூட வளரலாம். ஆனால் இலை நிறைந்த மரம் காய் நிறைந்த மரம் ஆகிவிடாது. எங்கள் பன்னிரண்டு மரங்களும் பார்க்கச் செழிப்பாகத்தான் நிற்கின்றன.

முந்திரிகை, வாழை, பனை

மாவுக்கு மட்டுமல்ல, வடக்கின் மற்றப் பழங்களுக்கும் தனித்தனிச் சிக்கல்கள் உண்டு. யாழ்ப்பாணத்து முந்திரிகை வரண்ட காலநிலையை நம்பிய பயிர். கொடியை வெட்டிவிட்டால் ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை எடுக்கலாம். அதனால் பழுக்கும் நாள் மழையில்லாத காலத்தில் விழும்படி கமக்காரர் வெட்டும் நாளைத் தீர்மானிப்பார்கள். எதிர்பாராத மழை அந்தக் கணக்கைக் குலைத்தால் பழம் வெடிக்கும், பங்கசு நோய் பரவும். ஒரு மழையில் ஒரு போகம் போய்விடும்.

வாழைக்குக் காற்றுத்தான் எதிரி. குலை தள்ளிய வாழை மேல்பாரம் கூடியது, வேரோ ஆழமில்லாதது. 2020 மார்கழித் தொடக்கத்தில் புரெவிப் புயல் முல்லைத்தீவு, திருகோணமலைக் கரையைக் கடந்தபோது வடக்கில் மழையும் காற்றும் தோட்டங்களைப் புரட்டிப்போட்டன. கடல் சூடாகும்போது புயல்களுக்குக் கிடைக்கும் சக்தியும் கூடுகிறது.

இவற்றுக்கு நடுவில் பனை மட்டும் ஓரளவு அசையாமல் நிற்கிறது. வறட்சியையும் காற்றையும் ஓரளவு உப்பையும் தாங்கும். ஆனால் நட்டவர் உடனே பயன் காண முடியாத மரம் அது. காய்க்கப் பன்னிரண்டு வருடமோ அதற்கு மேலோ செல்லும். போரில் காவலரணுக்கும் பங்கருக்கும் தறித்த பனைகளின் இடத்தை நிரப்ப இன்னும் ஒரு தலைமுறை வேண்டும்.

கிணற்றில் உப்பு

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணற்று நீர். அந்த நன்னீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. மேலிருந்து அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் கீழிருந்து ஏறும். கடல்மட்டம் உயர்வது இந்த நெருக்குதலை இன்னும் கூட்டுகிறது. மழை சில நாட்களில் மொத்தமாகக் கொட்டினால் பெரும்பகுதி நிலத்துக்குள் இறங்காமல் கடலுக்கு ஓடுகிறது. கோடை கடுமையானால் நாங்கள் கூட இறைக்கிறோம்.

மாமரம் உப்பைத் தாங்காது. இலை நுனியும் விளிம்பும் கருகினால் முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றில் உப்பும் ஒன்று. பலர் அதை நோய் என்று எண்ணி மருந்து அடிக்கிறார்கள். கரையோரக் கிராமங்களுக்குத் திரும்பியவர்கள் கன்று நடுமுன் கிணற்று நீரைப் பரிசோதிப்பது நல்லது.

எல்லாம் காலநிலையின் பிழையா?

இல்லை. இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. மாமரத்துக்கு ஒரு வருடம் நிறையக் காய்த்தால் அடுத்த வருடம் குறையக் காய்க்கும் இயல்பு உண்டு. பராமரிப்பில்லாத மரம், பிழையான நேரத்தில் இட்ட பசளை, தத்துப்பூச்சி என்று வேறு காரணங்களும் உண்டு. ஒரு மரத்தின் ஒரு வருட இழப்பைக் காட்டிப் பூமி வெப்பமாகிறது என்று நிறுவ முடியாது. பல மரங்களைப் பல வருடங்கள் பார்த்தால்தான் மாற்றம் தெரியும்.

எங்கள் இழப்பு அங்கேதான் இருக்கிறது. அப்பப்பாவுக்கு அந்த மரம் எந்தக் கிழமை பூக்கும், எந்தக் கிளை முந்தும், சோளகம் எப்போது பெயர்ந்தால் எவ்வளவு காய் விழும் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. அவர் 1996இல் வன்னியில் இறந்தார். அப்பா 28 வருடம் அந்த மரத்தைப் பார்க்கவே இல்லை. பூமி வேகமாகச் சூடான அந்த வருடங்களில்தான் எங்கள் மரங்களை விட்டு நாங்கள் தூரத்தில் இருந்தோம். திரும்பி வந்தபோது 1990ஆம் ஆண்டின் நாட்காட்டியோடு வந்தோம். "தையில பூக்கும், மாசியில மழையிராது" என்ற அந்த அறிவு பொய்யானது அல்ல. இடையில் என்ன மாறியது என்று பார்த்துச் சொல்ல ஒருவரும் ஊரில் இருக்கவில்லை.

தொடர்ந்து ஊரில் இருந்த கமக்காரர் மாற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கிறார். மீள்குடியேறியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் அடகு வைத்த காசில், ஒரே நாளில், முப்பது வருடத்துக்கான முடிவை எடுக்கிறார். இழப்பு இருவருக்கும் ஒன்றுதான். அதைத் தாங்கும் பலம் ஒன்றல்ல.

என்ன செய்யலாம்?

போதனாசிரியரும் அயலவர்களும் சொன்னவற்றில், ஆய்வுகளோடு ஒத்துப்போகும் சிலவற்றை இங்கே தருகிறேன்.

அறுவடை முடிந்த கையோடு, ஆடி ஆவணியில், மரத்தின் நடுவைத் திறந்து அளவாகக் கிளை வெட்டுங்கள். வெட்டியபின் வரும் தளிர் பனிக்காலத்துக்கு முன் முற்றிவிடும். வெயிலும் காற்றும் உள்ளே போவதால் பங்கசு நோயும் குறையும். மாரியின் கடைசியில் யூரியா போன்ற தழைச்சத்து இடவேண்டாம். அது பூவுக்குப் பதில் தளிரைக் கிளப்பும்.

மழை நின்ற பிறகு பூக்கும் வரை நீர் இறைப்பதை நிறுத்துங்கள். பிஞ்சு பிடித்த பிறகு ஒழுங்காக இறையுங்கள். விட்டுவிட்டு இறைத்தால் பிஞ்சு உதிரும். அடியில் சருகு, பனையோலை, வைக்கோல் பரப்பினால் மண் சூடேறாது, ஈரமும் நிற்கும். தண்டோடு ஒட்டப் பரப்ப வேண்டாம்.

பூ வெளிவரத் தொடங்கும்போதே நோயைக் கவனியுங்கள். பூ கறுத்த பின் அடிக்கும் மருந்தால் பெரிய பயன் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் பகுதிப் போதனாசிரியரிடம் கேட்டுச் செய்யுங்கள். மரத்தை வலிந்து பூக்கவைக்கும் வளர்ச்சி அடக்கிகளைக் கடையில் சொல்லும் அளவில் ஊற்றுவது ஆபத்து. அவை மண்ணில் நீண்டகாலம் தங்கும், மரத்தையும் குறுக்கிவிடும்.

ஒரே இனத்தை மட்டும் நடவேண்டாம். மாவோடு மாதுளை, தேசி, கொய்யா, நாவல், விளாத்தி என்று கலந்து நட்டால், ஒன்று தவறும் வருடத்தில் இன்னொன்று கைகொடுக்கும். காற்று வரும் பக்க வேலியில் பூவரசும் பனையும் நிற்கட்டும். கூரை நீரைக் கிணற்றடிக் குழியில் இறக்குங்கள். தூர்ந்த குளத்தையும் கேணியையும் தோண்டுவது தனி ஒரு குடும்பத்தால் முடியாது. அதைச் சங்கமாகவும் பிரதேச சபை ஊடாகவும் கேட்க வேண்டும்.

காணி விடுவிப்பைப் பற்றிப் பேசும் அதிகாரிகளிடமும் ஒரு கேள்வி உண்டு. வீடு, மலசலகூடம், கிணறு என்று கணக்கெடுக்கும் படிவங்களில் காய்க்கும் மரத்துக்கு ஒரு நிரல் கூட இல்லாமல் இருப்பது ஏன்? நின்ற மரம் ஒரு குடும்பத்தின் வருமானம். நட்ட மரம் அந்தக் குடும்பம் ஏற்றுக்கொண்ட கடன்.

இந்த வருடம் அப்பாவுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். முதல் பூ கண்ட நாள், மழை பெய்த நாள், பிஞ்சு உதிர்ந்த நாள், எத்தனை கடகம் என்று நான்கு நிரல் போட்டிருக்கிறேன். முதலில் சிரித்தார். "இதை எழுதி ஆருக்குக் காட்டுறது?" என்று கேட்டார். இப்போது ஒவ்வொரு நாளும் பின்னேரம் வளவைச் சுற்றிவந்த பிறகு எழுதுகிறார். கடைசியாகப் போனபோது எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பன்னிரண்டு ஒட்டு மரங்களுக்கும் இலக்கம் போட்டிருந்தார். அவற்றுக்கு மேலே, இலக்கம் எதுவும் இல்லாமல், "ஐயா நட்டது" என்று ஒரு வரி. அதற்கு நேரே: மாசி 2 பூத்தது, நாற்பத்தொரு காய்.

பக்கத்துக் காணிக்காரர்களும் கொப்பி கேட்டிருக்கிறார்களாம். அடுத்தமுறை போகும்போது ஐந்து கொண்டுபோக வேண்டும்.